இடக்கை நீளம்

தார்வஸ்க் நகரில்
உனக்கு எவ்வளவு கடன் என்று யாரும் கேட்பதில்லை.
சட்டையின் இடக்கையைப் பார்த்தால் போதும்.
நூறு ஓல் வாங்கினால் ஒரு விரற்கடை நீளும்.
மாவுக்கு வாங்கியது சாம்பல் நிறம்.
மருந்துக்கு வாங்கியது சாயம் ஏறாத வெள்ளை.
சூதுக்கு வாங்கியது பச்சை.
பச்சைக்காரர்கள் மழைக்கு மாட்டிய மேலங்கியை
கோடை முழுக்கக் கழற்றுவதில்லை.

கை நீண்டவன் என்றால்
மற்ற ஊர்களில் திருடன்.
இங்கே, யாரோ ஒருவர் நம்பிய ஆள்.

ஏழாம் வட்டத்துக் கத்தரிக்கூடத்தில் நான் அளவுக்காரன்.
ஒரு பித்தளைக் கோல், ஒரு சுண்ணக்கட்டி.
கத்தரி என்னுடையதல்ல.
கொடுத்தவர்தான் வெட்ட வேண்டும்,
வாங்கியவர் கையை நீட்ட வேண்டும்,
இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும்.
சட்டம்.
பெரும்பாலும் தரையைத்தான் பார்க்கிறார்கள்.
பதிவேட்டில் ‘பார்த்தனர்’ என்று எழுதிவிடுவேன்.

வெட்டிய துண்டு கொடுத்தவருக்கு.
அடகுக்காரர் ஹெம்ரூத் அவற்றை ஒட்டுப்போட்டு
ஒரு போர்வை தைத்து வைத்திருக்கிறார்,
நானூற்றுப் பதினொரு குடும்பம்.
போர்த்தினால் வியர்க்கிறது,
எடுத்தால் குளிர்கிறது என்கிறார்.

இந்தப் பனிக்காலத்தில் வந்தது வினை.
உப்பு மந்திரியின் மகன் இர்வேல்
நடனத்துக்கு ஒன்பது முழக் கையோடு வந்தான்.
பட்டு. பின்னால் தூக்கி நடக்க ஒரு பையன்.
அதில் ஒரு ஓல் கடன் கிடையாது.
மறுவாரமே தையல் வீதியில் பொய்க்கடன் விற்றார்கள்:
முழம் நாற்பது ஓல்,
நுனி மடிப்பில் ஈயக்குண்டு வைத்தால் ஐம்பது.
நடக்கும்போது கனம் தெரிய வேண்டுமாம்.
இருபத்தாறு வருஷமாய் அளக்கிறேன்,
என் கோலில் கனத்துக்குக் கோடு இல்லை.
சாம்பல் நிறம்தான் அதிகம் போனது.
‘பசி எனக்குப் பொருந்துகிறது’ என்றாளாம் ஒருத்தி,
கண்ணாடி முன் திரும்பித் திரும்பி.

தோணிக்காரி மேஷ்ரா
துடுப்பில் சிக்காமல் தன் கையை இடுப்பில் செருகியிருப்பாள்.
மூன்று முழம், முக்கால்வாசி வெள்ளை.
விளக்குத் தெருவில் ஒருநாள் அது அவிழ்ந்து விழுந்தது.
கடைக்கதவைத் திறந்துவிட்டார்கள்,
நாற்காலி போட்டார்கள்.
யாரிடம் தைத்தீர்கள்?
‘காய்ச்சலிடம்’ என்றாள்.
சிரித்தார்கள்.
அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று
எழுதி வாங்கிக்கொள்ளத் தாளும் நீட்டினார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டேதான் கூடத்துக்கு வந்தாள்,
இருநூறு ஓல் செல்லாத ஈரக் காசுகளாய், ஆனால் எண்ணினால் சரியாய்.
கொடுத்தவள் ஓத்ரின், சுண்ணாம்புச் சூளைக்காரி.
நான் அளந்து கோடு போட்டேன், இரண்டு விரற்கடை.
அன்றைக்கு இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.
நிஜமாகவே.
கத்தரி மூன்றில் விழுந்தது.
ஓத்ரின் கை நடுங்கவில்லை, நான் கவனித்தேன்.
மூன்று என்றே எழுதினேன்.

என் கையா?
நான்கு விரற்கடை.
சாயம் போய்விட்டது,
எதற்கு வாங்கினேன் என்று துணிக்கே ஞாபகம் இல்லை.
கொடுத்தவன் காஸ்பெல்
பதின்மூன்று வருஷம் முன்பு கணவாயைத் தாண்டிப் போனான்.
பணம் தகர டப்பாவில் இருக்கிறது.
வெட்டத்தான் ஆளில்லை.
சூப்பில் விழுகிறது, மையில் விழுகிறது.
கதவிடுக்கில் மாட்டி இழுத்தால்
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிவிடுகிறேன்.

புதிதாய்ச் சேர்ந்த எழுத்தன் நேற்றுக் கேட்டான்,
இது பழைய கடனா, புது மோஸ்தரா என்று.
மோஸ்தர் என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
அழகுதான், ஆனால் கொஞ்சம் குட்டை என்றான்.